கூடம் கோணல்

அக்னி தீர்த்தத்துக்குப் பின்தெருவில்
சேதுநிழல் லாட்ஜ்.
இரவு எட்டு முதல் காலை ஆறு வரை
பதிவேடு என் பொறுப்பு.
பெயர், ஊர், எத்தனை பேர், வந்த காரியம்.
காரியம் என்ற கட்டத்தில் எல்லோரும்
தரிசனம் என்றுதான் எழுதுவார்கள்.
ஒருவர் மட்டும் ‘மாமியார்’ என்று எழுதியிருந்தார்.
நான் விளக்கம் கேட்கவில்லை.

வெந்நீருக்கு ஒன்பது பாஷையில் எனக்குச் சொல் தெரியும்.
வராது என்பதற்குப் பாஷை வேண்டாம்,
கையை விரித்தால்
காசிக்காரருக்கும் புரியும்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை.
கச்சான் காற்று பாம்பன் பக்கம்
ஏதோ கம்பியை அறுத்துவிட்டதாம்.
வெக்கை தாளாமல்
மூன்றாம் மாடிக் கூடத்துக்குப் பாயோடு ஏறியது ஜனம்.
அங்கே கட்டாக்கிலிருந்து வந்த ஸ்நேகலதா,
ஐம்பத்தெட்டு வயது, முழங்காலில் பட்டை,
மறுநாள் மண்டபத்தில் ஒரு விழாவில் ஆட வேண்டியவர்,
எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சத்தில்
ஒற்றைக் காலில் நின்றார்.
சரிந்தார்.
மறுபடி நின்றார்.
அதே பக்கம் சரிந்தார்.
தரை சரியில்லை, என்றார் உடைந்த இந்தியில்.

அவ்வளவுதான்.
கான்பூர் மிட்டாய்க் கடைக்காரர் தொடையைத் தட்டினார்:
ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் வளைவு,
எங்கள் பக்கம் சொல்வது!
ராஜமுந்திரி வாத்தியார் விடுவாரா,
எங்களிடம் மத்தளம் ஓட்டை, என்றார்.
ஹாசன் அம்மாள் படுத்தபடியே
நிலம் கோணல் என்று
கன்னடத்தில் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.
துடைப்பத்தோடு நின்ற குருவம்மா
“எங்காளு தெருவே கோணல்னாளாம்” என்றாள்.
முற்றத்தைவிடத் தெரு நீளம்,
அதில் அவளுக்கு ஒரு பெருமை.
ஜெனரேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்த கீழக்கரை நெய்னா
கையில் கிரீஸோடு எழுந்து வந்தார்:
“பாய் விரிக்கத் தெரியாதவன்
காத்துக்குக் கண்ணில்லேன்னானாம்.”
அப்போதுதான் கட்டியது என்று முகமே சொன்னது.

எல்லாவற்றையும் நான்தான் மாற்றி மாற்றிச் சொன்னேன்.
சொல்லும்போதே உறைத்தது,
எத்தனை ஊர், எத்தனை பாஷை,
எல்லா ஊரிலும் ஆடத் தெரியாத ஒருத்தி இருக்கிறாள்.
ஆண்கள் எல்லோரும் நன்றாக ஆடியிருப்பார்கள் போல.
நெய்னாவின் ஆள் மட்டும்தான் ஆண்,
அவனும் கடலுக்குப் போய்விட்டான்.

ஸ்நேகலதாவும் சிரித்தார்.
எங்கள் ஊரிலும் உண்டு, என்றார்.
என் அம்மா என்னைத்தான் சொல்வாள்.
பிறகு பையைத் துழாவி
ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துக்
கூடத்தின் நட்டநடுவில் வைத்தார்.
கையை எடுத்தார்.

பழம் கொஞ்சம் யோசித்தது.
அப்புறம் புறப்பட்டது.
கான்பூர்ப் பாயின் ஓரமாக,
ராஜமுந்திரித் தூக்குச்சட்டியைச் சுற்றி,
ஹாசன் அம்மாளின் தலைமாட்டில் வேகம் பிடித்துக்
கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே
டொக்கென்று சுவரில் முட்டி நின்றது.

ஐந்து பழமொழிகளுக்கும் வாய் அடைத்துப் போனது.
நெய்னா ஒரு நட்டை உருட்டிப் பார்த்தார்.
கான்பூர்க்காரர், நம்பாத மனுஷர்,
தன் டப்பாவிலிருந்து ஒரு லட்டை விட்டுப் பார்த்தார்.
லட்டும் போயிற்று.

முதலாளி முத்துவயிரவனுக்குப் போன் போட்டேன்.
தூக்கக் கலக்கத்தில் கொத்தனாரைச் சொன்னார்.
கொத்தனார் மறுநாள் வந்து மணலைச் சொன்னார்,
“தீவு மண்ணு, அப்பிடித்தான் இருக்கும்.”
மணலிடம் கேட்டால் கடலைச் சொல்லும்.
கடலிடம் நான் கேட்கவில்லை,
எனக்கு ஆறு மணிக்கு ஷிப்ட் முடிகிறது.

அதற்கு முன்னால் நடந்தது இது:
ஸ்நேகலதா திரும்பி நின்றார்,
கடலுக்கு முதுகு காட்டி.
சரிவு எந்தப் பக்கம் என்று
இப்போது காலுக்குத் தெரியும்.
மத்தளம் இல்லை, கரண்ட் இல்லை,
குருவம்மா மட்டும் வாளியில் தாளம் போட்டாள்,
அதுவும் தப்புத் தாளம்.
அரை மணி நேரம் ஆடினார்.

பதிவேட்டில் குறிப்பு என்றொரு கட்டம் இருக்கிறது.
பதினோரு வருஷமாக அதில் நான்
எதுவும் எழுதியதில்லை.
அன்றைக்கு எழுதினேன்:
மூன்றாம் மாடி. கூடம் கோணல்.
சாட்சி, எலுமிச்சம்பழம் ஒன்று.

சாட்சியை விடிந்ததும்
உப்புப் போட்டுப் பிழிந்து
ஆளுக்கு அரை டம்ளர் குடித்தோம்.
லட்டை மட்டும்
எறும்புகள் எடுத்துக்கொண்டன,
அவை மேட்டுப் பக்கமாகவே இழுத்துப் போயின.